ஐந்து சுளை

ஐந்து. பழத்தைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் ஒவ்வோர் இதழாகத் தொட்டு மறுபடியும் எண்ணினேன். ஐந்துதான். மங்குஸ்தான் பழத்தின் அடியில் சின்னதாக ஒரு பூ ஒட்டியிருக்கும், மரத்தில் செதுக்கி வைத்த மாதிரி. அந்தப் பூவில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. உடைப்பதற்கு முன்னாலேயே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிற பழம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மாதுளை சொல்லாது, பலா சொல்லவே சொல்லாது. ஐந்து சுளை என்றால் சரியாக வருகிறது. ஹாலில் என் வீட்டுக்காரர் இருக்கிறார், ஒன்று. மகன் சங்கரலிங்கம், இரண்டு. மருமகள் சுபா, மூன்று. சுபாவின் அம்மா குழல்வாய்மொழி மதினி குற்றாலத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள், நான்கு. பக்கத்து வீட்டு மீராளை நானே சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடு என்று கூப்பிட்டிருக்கிறேன், ஐந்து. பேத்தி பள்ளிக்கூடத்து கபடி டீமோடு விருதுநகர் போயிருக்கிறாள். இருந்தாலும் அவள் பழம் என்றாலே மூக்கைப் பொத்துகிறவள், கணக்கில் சேராது. ஐந்து பேர், ஐந்து சுளை. ஆளைப் பார்த்துக் காய்த்த மாதிரி காய்த்திருக்கிறது. சாம்பார் இன்னும் கொதிக்கவில்லை. கொதித்துத் தாளித்துக் கொட்டியதும் பழத்தைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். ராஜபாளையத்தில், இந்த வெயிலில், கொல்லைப்புறத்து இரண்டு சுவருக்கு நடுவில், விதை போட்டு வளர்த்த மரத்தில் பழுத்த முதல் பழம். இதை நினைக்கும்போதே கழுத்துக்குப் பின்னால் ஒரு சூடு ஏறுகிறது. யாராவது பாராட்டினால் எனக்கு அப்படித்தான் ஏறும். இன்னும் யாரும் பாராட்டவில்லை, நானாக நினைத்ததற்கே ஏறுகிறது.

வராது என்று எல்லாரும் ஒரு தடவையாவது சொல்லிவிட்டார்கள். முதலில் சொன்னவள் மதினிதான். அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு. குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் பழக்கடை போடுகிற குடும்பம், மங்குஸ்தானை மோந்து பார்த்தே எந்தத் தோட்டம் என்று சொல்கிறவள். சங்கரலிங்கத்துக்குப் பெண் பேசி முடித்த மறுவாரம் ஓலைக்கூடை நிறையப் பழம் கொண்டுவந்தாள். எல்லாரும் தின்று விதையைத் துப்பியதும் நான் தட்டுகளிலிருந்து கொழுத்த விதையாக மூன்று பொறுக்கினேன். அதை அவள் பார்த்துவிட்டாள். "என்ன மதினி, விதையைப் பொறுக்குதீக? இது மலைக்காத்து குடிச்சு வளருத சாதி. ஒங்க ஊரு வெயில்ல இது காய்ச்சுதுன்னா என் பேரையே மாத்திக்கிடுதேன்" என்றாள். கூடத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் விதையைக் கீழே போடவில்லை, உள்ளங்கைக்குள் வைத்தபடியே போய் அவளுக்குக் காப்பி போட்டேன். அப்போது நான் பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வெள்ளைக் காஸ் துணியை மடித்து நூறு நூறாக எண்ணிக் கட்டுகிற வேலை. கழிவுத்துணி வீட்டில் மூட்டையாகக் கிடந்தது. ஒரு துண்டை நனைத்து விதைகளைச் சுற்றி, மறுநாளே மண்சட்டியில் பதித்தேன். காய்ந்தால் விதை செத்துவிடும் என்று மதினியே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். முளைத்து வந்தபோது பார்த்தால் நாலு முளை. மூன்று விதை, நாலு முளை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் நூறு என்று கட்டினால் அது நூறு. சூப்பர்வைசர் மற்றவர்கள் கட்டைப் பிரித்து எண்ணுவார், என் கட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்டவளுக்கு மூன்றுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதா? மண்ணைக் கிளறிப் பார்க்கக் கை துறுதுறுத்தது, கிளறினால் வேர் அறுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் சட்டியிலிருந்து மண்ணோடு எடுத்துத் தரையில் வைக்கும்போதுதான் தெரிந்தது, ஒரே விதையிலிருந்து இரண்டு தலை நீட்டியிருந்தது. நான் எண்ணியது சரி, விதைதான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். மற்ற மூன்றும் அடுத்த கோடையிலேயே கருகிப் போயின. நின்றது அந்த இரட்டையில் இளைத்தது, கணக்கில் இல்லாதது.

சாம்பார் ஓரத்தில் நுரை கட்டுகிறது. ஹாலில் மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் மதினியின் குரல் கேட்கிறது, இந்த வருஷம் சாரல் நல்லாயிருக்கு, கூட்டம் எக்கச்சக்கம், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தேன் என்கிறாள். எனக்காகத்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். எனக்காக இல்லை, பழத்துக்காக. பொய்யா நிஜமா என்று பார்க்க. பார்க்கட்டும். அந்தச் செடி ஒரு ஜோடி இலை விட்டால் அடுத்த ஜோடிக்கு மாசக்கணக்கில் யோசிக்கும். புதிதாக வருகிற இலை ஒயின் நிறத்தில், தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும். மூன்று வருஷத்துக்கு என் முழங்காலைத் தாண்டவில்லை. நேர்வெயில் ஆகாது என்று நாலு கம்பு நட்டு, காஸ் துணியை இரட்டை மடிப்பாகப் போட்டுப் பந்தல் கட்டினேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. ஊற்றிய வாரமே இலை நுனி தீய்ந்துவிட்டது. மீராள் வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர். தினமும் காலையில் சுவருக்கு மேல் ஒரு குடத்தை நீட்டுவாள். ஒரு தடவை என் வீட்டுக்காரர் டி.வி.எஸ். வண்டியைக் கொல்லைக்குள் திருப்பும்போது ஹேண்டில்பார் இடித்து, தண்டில் தோல் உரிந்து மஞ்சள் பால் வடிந்தது. "பாக்கலை" என்றார். நான் மஞ்சளைக் குழைத்து அப்பி, காஸ் துணியை வரிசை பிசகாமல் சுற்றி முடிச்சுப் போட்டேன். மீராள் சுவருக்கு மேல் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "ஏ வடிவு, ஒன் ஆஸ்பத்திரிப் பிள்ளைக்கு என்னாச்சு? ட்ரிப்ஸ் ஏத்தலையா?" அன்றிலிருந்து தெருவில் அதற்கு ஆஸ்பத்திரி மரம் என்றே பேர் விழுந்துவிட்டது. கீரைக்காரி கூட ஆஸ்பத்திரி மரத்து வீடு என்றுதான் அடையாளம் சொல்வாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் ஒரு மூலையில் பிடித்தும் இருக்கும். ஆனால் போன மாசம் ஒன்று நடந்தது, அது மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. டீக்கடையில் என் வீட்டுக்காரர் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பால் வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன், அவர் பார்க்கவில்லை. "நாங்க மங்குஸ்தான் வச்சிருக்கோம்லா, காய் பிடிச்சிருக்கு" என்றார். நாங்க. அந்த வார்த்தையில் நான் இருக்கிறேன்தான், இல்லையென்று சொல்ல முடியாது. கூட்டத்தோடு கூட்டமாக இருக்கிறேன்.

கடுகு வெடித்தது. கறிவேப்பிலையைப் போட்டு, பெருங்காயத்தைத் தூவி, சாம்பாரில் கொட்டி மூடினேன். மூடும்போது ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது. கம்பெனியில் அப்படித் தோன்றும். நூறு மடிப்பை அடுக்கித் தட்டி முடிச்சுப் போடப் போகும்போது, எண்ணிக்கை சரி என்று வாய் சொல்லும், உள்ளங்கை மட்டும் இல்லை என்று சொல்லும். பிரித்து எண்ணினால் தொண்ணூற்றொன்பது இருக்கும். உள்ளங்கை தப்பாகச் சொன்னதே இல்லை. உப்பா? போட்டாயிற்று. அப்பளம்? பொரித்தாயிற்று. பழத்தைத் திருப்பி இதழை எண்ணினேன், ஐந்து. ஆளை எண்ணினேன். அவர், சங்கரலிங்கம், சுபா, மதினி, மீராள், ஐந்து. கழுவிக் கவிழ்த்து வைத்த தட்டைப் பார்த்தேன், அதுவும் ஐந்து. எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்தும் உள்ளங்கை ஒத்துக்கொள்ளவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் தட்டு அலமாரியில் இருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அதை எடுப்பேன். நான். நான் என்னை எண்ணவில்லை. வேறு யாரும் விட்டுவிடவில்லை, நான்தான், ஒன்று இரண்டு என்று விரல் மடக்கி எண்ணினவள்தான், என்னை விட்டுவிட்டு, சரியாக இருக்கிறது என்று சந்தோஷமும் பட்டுவிட்டேன். அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பழம் மடியில் இருந்தது.

ஆறு பேர், ஐந்து சுளை. பெரிய பூண்டுப் பல் அளவுதான் ஒரு சுளை இருக்கும், அதை நறுக்கிப் பங்கு வைத்தால் ஒருத்தருக்கும் ருசி தெரியாது. ஒருத்தரை நிறுத்த வேண்டும். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டரே பழம் வேண்டாம் என்றிருக்கிறார். அவரை நிறுத்தலாமா? ஆனால் காலையில் இரண்டு ஜிலேபியை என் கண் முன்னாலேயே தின்றார், அதைத் தடுக்காதவள் இதைத் தடுத்தால் வம்புக்குத் தடுத்த மாதிரி இருக்கும். அவர் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. ஊற்றாததற்குத் தண்டனையாக வேண்டுமானால் நிறுத்தலாம். சீ, வயசான காலத்தில் ஒரு சுளைக்குத் தண்டனையா. சங்கரலிங்கம் கார் நிறுத்த இடமில்லை என்று ஒருநாள் சொன்னான், மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான், நான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அவன்தான் அப்புறம் ஒரு வண்டி செம்மண்ணும் தொழு உரமும் கொண்டுவந்து இறக்கினான். சுபா சோப்புத் தண்ணீரை அந்தப் பக்கம் ஊற்றுவாள், ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஆனால் எனக்குக் கண் ஆபரேசன் ஆகிப் படுத்திருந்தபோது, கேட்காமலேயே தினமும் மீராளிடம் குடத்தை வாங்கி ஊற்றியிருக்கிறாள், அதை அவள் சொல்லவில்லை, மீராள்தான் சொன்னாள். மீராளை நிறுத்த முடியாது, அந்த மரத்துக்குள் ஓடுகிறதில் பாதி அவள் கிணறு. மதினியை நிறுத்தவே முடியாது. அவள் தின்று நல்லாயிருக்கு என்று சொன்னால்தான் அது பழம். எல்லாருக்கும் ஒரு காரணம் சட்டென்று கிடைக்கிறது. எனக்குத்தான் காரணம் தேட வேண்டியிருக்கிறது. வளர்த்தவள் நான்தானே என்று ஒரு காரணம் இருக்கிறது, அது கடைசியாகத்தான் ஞாபகம் வருகிறது, வந்தாலும் வாய்விட்டுச் சொல்லுகிற மாதிரி இல்லை.

இதற்கு எப்போதும் ஒரு வழி வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஐஸ்கிரீம் ஒன்று குறைந்தால் எனக்குப் பல் கூசும். வடை குறைந்தால் எனக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாது. மைசூர்பாகு குறைந்தால் எனக்கு இனிப்பே பிடிக்காது. என் பல் நன்றாக இருக்கிறது. எண்ணெய் நன்றாக ஒத்துக்கொள்ளும். இனிப்பு எனக்கு உயிர், கம்பெனியில் சம்பளத்தன்று பஸ்ஸ்டாண்டில் தனியாக நின்று ஒரு பால்கோவா வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். யாரும் என்னைப் பட்டினி போட்டதில்லை, நான் சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான். நம்பும்படியாகச் சொன்னேன். இன்றைக்கும் சொல்லிவிடலாம், நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. ஆனால் இந்த மரத்தில் முதலில் பூவாகப் பதினொன்று இருந்தது. ஏழு உதிர்ந்தது. நாலு காயாகி, ஒன்றை அணில் கடித்து, இரண்டு வெம்பி விழுந்து, கடைசி ஒன்றுக்குக் காஸ் துணியில் பை தைத்து மாட்டி, பச்சை சிவப்பாகி, சிவப்பு கறுத்து ஊதாவாகிறவரை தினமும் போய் நின்றேன். மாமரம் கேட்காமல் காய்க்கும். இது என்னைப் பார்த்துப் பார்த்துக் காய்த்தது. இதன் ருசி என்னவென்று தெரியாமலேயே நான் செத்துப்போனால்? ஒரு பழத்துக்கு இப்படியா என்று வெட்கமாக இருந்தது. போன வாரம் மூன்று நாள் விடாமல் மழை. பழுக்கிற நேரத்தில் மழை அடித்தால் உள்ளே மஞ்சள் பிசின் கசிந்து சுளை கசந்துவிடும், சில பழம் கண்ணாடி மாதிரி நீர்கோத்துப் போகும் என்று மதினி சொல்லியிருக்கிறாள். மெதுவாக அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று அமுங்கியது. நல்ல குறிதான், ஆனால் உறுதி இல்லை. கெட்டுப்போயிருந்தால் தேவலை, யாருக்கும் பங்கு வைக்க வேண்டாம் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. என்ன நினைப்பு இது. பழத்தின் காதில் விழுந்துவிட்ட மாதிரி முந்தானையால் அதைத் துடைத்தேன்.

"வடிவு, என்ன பண்ணுத உள்ள? மீராளும் வந்தாச்சு" என்று அவர் கூப்பிட்டார். எழுந்து தட்டில் பழத்தை வைத்தேன், ஒரு கத்தியையும் வைத்தேன். ஹாலில் எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மீராள் என்னைப் பார்த்ததும், "வந்துட்டாங்க டாக்டரம்மா. ஆபரேசன் எத்தனை மணிக்கு?" என்றாள். மதினி தட்டிலிருந்து பழத்தை எடுத்தாள். "எங்க கடைப் பழத்தை வாங்கி நூல்ல கட்டித் தொங்கவிட்டீகளோ மதினி?" என்று கேட்டுக்கொண்டே காம்பை மோந்தாள், தோலை நகத்தால் லேசாகக் கீறினாள். காம்பைச் சுற்றி இருந்த நாலு பச்சை இதழையும் விரலால் தடவினாள். "காலைலதான் பறிச்சிருக்கு" என்று தன் மகளிடம் சொன்னாள், வேறு குரலில். என் கழுத்துக்குப் பின்னால் சூடு ஏறியது. அவர் உடனே, "பின்ன? நாங்க எவ்வளவு பாடுபட்டோம் சம்பந்தி! பந்தல் கட்டி, தண்ணி ஊத்தி" என்று ஆரம்பித்தார். "எந்தக் கையால அண்ணாச்சி ஊத்துனீக? அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள் மீராள். சங்கரலிங்கம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அவரும் சிரித்துவிட்டார். "ஒடைச்சுத் தாரேன், இருங்க மதினி" என்று மதினி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பழத்தை வைத்தாள். என் கை தானாக நீண்டது. "நானே ஒடைக்கிறேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அவள் என்னைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

கத்தியை நடுவில் வைத்துத் தோல் அளவுக்கு மட்டும் சுற்றிக் கோடு போட்டேன். ஊதாச் சாறு விரலில் இறங்கியது. மேல்பாதியைத் திருகினேன். வரவில்லை. ஒரு மூச்சு விட்டு மறுபடியும் திருகினேன், மூடி கழன்ற மாதிரி வந்தது. வெள்ளை. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை, கண்ணாடித்தன்மை இல்லை, கம்பெனியில் வெளுத்துக் காயப்போட்ட முதல் தரத் துணியின் வெள்ளை. ஒன்று பெரிதும் நாலு சின்னதுமாக ஐந்து சுளை. மதினி குனிந்து பார்த்து, நாக்கைச் சப்புக் கொட்டினாள், தன் கடையில் நல்ல கூடையைப் பிரிக்கும்போது கொட்டுகிற சத்தம். "முதல்ல சம்பந்தியம்மாவுக்குக் குடு வடிவு" என்றார் அவர். மதினி கையை நீட்டப் போனவள், ஒரு நிமிஷம் தயங்கி ஆளை எண்ணிப் பார்த்தாள். "மதினிக்கு?" என்றாள். சுபா முந்திக்கொண்டு, பிரியமாகத்தான் சொன்னாள், "அத்தைக்கு இனிப்பு பிடிக்காதும்மா. நீ எடு." எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் தலையாட்ட வந்தது. பல் கூசும், வேண்டாம், நீங்க சாப்பிடுங்க, எல்லாம் நாக்கில் வரிசையாக நின்றது. அது வெளியே வருவதற்குள் என் இரண்டு விரல் உள்ளே போய் அந்தப் பெரிய சுளையைப் பிடித்துவிட்டது. எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. சுபா, "அத்தை" என்றாள். நான் யாரையும் பார்க்கவில்லை. நாக்கில் பட்டதும் குளிர்ச்சி, அப்புறம் இனிப்பு, இனிப்புக்குப் பின்னால் மெல்ல ஒரு புளிப்பு வந்து இனிப்பைத் தூக்கிவிட்டது. மதினி கொண்டுவந்த கூடையில் தின்ற பழத்துக்கு இந்தப் புளிப்பு இருந்ததாக ஞாபகம் இல்லை. இது இந்த மண்ணாக இருக்கலாம், மீராள் கிணறாக இருக்கலாம். விதை பல்லில் தட்டியது, அதைச் சுற்றி இருந்ததையும் விடாமல் உறிஞ்சினேன். "எப்படி இருக்கு மதினி?" என்று குழல்வாய்மொழி கேட்டாள். குற்றாலத்துப் பழக்கடைக்காரி மங்குஸ்தான் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறாள். அவசரப்படவில்லை. வாயில் இருந்தது முழுதும் இறங்கிய பிறகு, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, தட்டை அவர்கள் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

"நாலு சுளை இருக்கு. நீங்க அஞ்சு பேர் இருக்கீக. பாத்து எடுத்துக்கோங்க" என்றேன்.